பெரே பாயும் ஒரு சிவப்பு இழையும்

காலை ஆறு நாற்பது. ஆலை வாசலில் நின்ற டிராக்டரில் குவிந்திருந்த மாங்காய்களுக்கு மேலே, முதலில் கண்ணில் பட்டது ஒரு சிவப்பு வட்டம். இவ்வளவு சிவந்த பழம் எந்த ரகமாக இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, அது திரும்பி என்னைப் பார்த்தது.

“லேப்புக்குப் புதுசா வந்த சாரா? அந்தாண்ட நில்லுங்க. காய் உருளும்.”

பேசியது குவியலுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த ஒரு மனிதர். நான் பார்த்தது அவருடைய தொப்பி. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தலை என்ற உறுப்பை அதன் முழுத் தகுதிக்கும் பயன்படுத்தியவர் அவர் ஒருவர்தான் என்று எங்கு வேண்டுமானாலும் வந்து சாட்சி சொல்வேன்.

பத்திரிகை வேலைக்கு வருவதற்கு முன் மூன்று மாம்பழ சீசன் அந்தக் கூழ் ஆலையின் ஆய்வகத்தில் இருந்தேன். அவர் அங்கே காய் இறக்கும் இடத்துக்குப் பொறுப்பாளர். வருகைப் பதிவேட்டில் அவருக்கு நீளமான, அழகான ஒரு பெயர் இருந்தது. அதை யாரும் வாயால் சொல்லிக் கேட்டதில்லை. வாட்ச்மேனிலிருந்து மானேஜர் வரை எல்லோருக்கும் அவர் பெரே பாய்.

பெரே என்பது விளிம்பில்லாத, வட்டமான கம்பளித் தொப்பி. ராணுவத்திலும் போலீஸிலும் ஒரு பக்கமாகச் சரித்து அணிவார்களே, அதுதான். பாய் ராணுவத்திலும் இருந்ததில்லை, போலீஸிலும் இருந்ததில்லை. ஆனால் மே மாத வெயிலில், தகரக் கூரையைத் தொட்டால் கை பொசுங்கும் நேரத்தில், அசல் ஆட்டுக் கம்பளித் தொப்பியோடு வெட்டவெளியில் நிற்பார். வியர்த்து நான் பார்த்ததில்லை.

“வேகலையா பாய்?” என்று புதிதாக வரும் ஒவ்வொரு லாரி டிரைவரும் கேட்பார். தமிழில் கேட்டவருக்குத் தமிழில், கன்னடத்தில் கேட்டவருக்குக் கன்னடத்தில், குப்பம் பக்கத்திலிருந்து வருகிறவருக்குத் தெலுங்கில், மாறாத ஒரே பதில் கிடைக்கும்.

“செம்மறி ஆடு பொறந்ததுல இருந்து கம்பளியோடதான் மேயுது. எந்த ஆடாவது உன்கிட்ட வந்து வேகுதுன்னு சொல்லுச்சா?”

“அது ஆடு பாய்.”

“அதுக்கே அவ்ளோ அறிவு இருக்கு, பாத்துக்கோ.”

நம்பாமல் நான் ஒரு நாள் ஆய்வகத்து வெப்பமானியை எடுத்துப் போனேன். நெற்றிக்கு நேராகப் பிடித்தால் எண் காட்டும் வகை. வெறுந்தலையோடு நின்ற வாட்ச்மேன் நெற்றியைவிட, தொப்பி போட்ட பாயின் நெற்றி இரண்டு டிகிரி குறைவாகக் காட்டியது. கருவியில் கோளாறு என்று நினைத்து மூன்று முறை அளந்தேன். மூன்று முறையும் இரண்டு டிகிரி.

காய் பார்ப்பதில் அவரை ஏமாற்ற முடியாது. அறுத்துப் பார்க்க மாட்டார், முகர்ந்து பார்க்க மாட்டார். காம்பை மட்டும் பார்ப்பார். காம்போடு பறித்த காய்தான் ஒழுங்காகப் பழுக்கும், காம்பு போனால் பால் வடிந்து தோல் வெந்துவிடும் என்பது அவர் கட்சி. வண்டிக்கு ஏழெட்டு காய்களைப் புரட்டுவார். “இறக்கு” அல்லது “திருப்பு.” இந்த இரண்டு சொற்களுக்காக வியாபாரிகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள்.

தொப்பியையும் அப்படித்தான் பார்ப்பார். பழைய முறையில் செய்த கம்பளிப் பெரேயின் உச்சியில், நடு மத்தியில், அரை விரல் நீளத்துக்கு ஒரு சின்ன வால் நிற்கும். பின்னல் முடிகிற இடம் அது. பாய் அதற்கு வைத்த பெயர் காம்பு. “காம்பு இல்லாதது தொப்பி இல்ல சார், மூடி” என்பார். காம்பை வெட்டிய பெரேயை யாராவது கொண்டுவந்து காட்டினால், கார்பைடு கல் போட்டுப் பழுக்கவைத்த பழத்தைப் பார்ப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பழையபேட்டையில் இருந்த அவர் வீட்டுக்குப் போனேன். உள்ளறையில் இரண்டு பீரோ. அவற்றில் ‘அல்போன்சா, முதல் தரம்’ என்று அச்சிட்ட அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு பெரே, இரண்டு பாச்சை உருண்டை, ஒரு கொத்து காய்ந்த வேப்பிலை. எண்ணினேன். நாற்பத்தொன்று. கறுப்பு, கருநீலம், மிளகாய்ப் பச்சை, மண் நிறம், காய்ந்த ரத்தத்தின் நிறம். பெங்களூரு ஞாயிற்றுச் சந்தையில் பழைய துணிக் குவியலுக்குள் கையை விட்டு, கண்ணால் பார்க்காமலே எடுத்தவை பாதி. மீதி, கடல் தாண்டிப் பார்சலில் வந்தவை.

அவர் மனைவி டீ கொண்டுவந்து வைத்தார். “மூணு பொண்ணு பெத்து கட்டிக் குடுத்தேன் தம்பி. மூணு பேர் துணிமணிக்கும் சேத்து ஒரு பீரோதான் இருந்துச்சு. இவர் தலை ஒண்ணு. பீரோ ரெண்டு.”

“அப்படி என்ன பாய் இருக்கு இதுல?” என்று கேட்டேன்.

அவர் ஒரு கறுப்புப் பெரேயைக் கையில் எடுத்து மெதுவாகச் சுழற்றினார். “இதுக்கு முன்ன பின்ன கெடையாது சார். எப்படிப் போட்டாலும் நேராத்தான் இருக்கும். மழை பேஞ்சா உள்ள எறங்காது. கழட்டி மடிச்சா சட்டைப் பையில அடங்கும். விளிம்பு இல்ல, அதனால தொழும்போது நெத்தி தரையில படும். ஒரு மனுஷனுக்கு இதுக்கு மேல தொப்பி என்ன பண்ணணும்? டீ போடணுமா?”

“அதையும் போட்டா நான் நிம்மதியா உக்காருவேன்” என்றார் மனைவி.

புதுப் பெரேயை அப்படியே தலையில் வைக்கக் கூடாது என்பது அவர் சட்டம். கொதிநீரில் ஒரு முக்கு, குளிர்ந்த நீரில் ஒரு முக்கு, பிழிந்து, சொட்டச் சொட்டத் தலையில் வைத்து, காயும்வரை கழற்றாமல் இருக்க வேண்டும். அப்போதுதான் அது அந்தத் தலைக்கு உரியதாகும். பிறகு சவரக் கத்தியால் மேலே நிற்கும் பிசிறை வழித்தெடுக்க வேண்டும். தன் முகத்தை வாரம் ஒரு முறை மழிப்பவர், பெரேயை வாரம் இரண்டு முறை மழிப்பார்.

பக்கத்துப் பள்ளியில் அணிவகுப்புக்கு வாங்கிய முப்பது பெரேக்கள் ஊத்தாப்பம்போல மாணவர்களின் காதில் தொங்கியபோது, விளையாட்டு ஆசிரியர் ஓடிவந்தது இவரிடம்தான். பாய் போய் முப்பது தலைகளிலும் ஈரத் தொப்பியை வைத்து, மைதானத்தில் வரிசையாக உட்காரவைத்துவிட்டார். ஏதோ தண்டனை என்று நினைத்துத் தலைமையாசிரியர் பதறி வந்தார். “பேசாதீங்க சார், தல அசையும். மொதல்ல நீங்க உக்காருங்க” என்றாராம் பாய். தலைமையாசிரியர் உட்கார்ந்தாராம்.

ஆலைக்குள் வருகிறவர்கள் தலையில் வலை போட வேண்டும் என்பது விதி. கூழில் முடி விழக் கூடாது. பாய் வலையைப் பெரேக்கு மேலே போட்டுக்கொள்வார். கடையில் வலைப்பையில் தொங்கும் சாத்துக்குடி மாதிரி இருக்கும். தணிக்கைக்கு வந்தவர்கள் விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார்கள். வலைக்குக் கீழே என்ன இருக்கக் கூடாது என்று அதில் எழுதியிருக்கவில்லை.

தொப்பி இல்லாமல் அவரை ஆலையில் யாரும் பார்த்ததில்லை. வழுக்கை என்று ஒரு கட்சி, தழும்பு என்று ஒரு கட்சி. பழம் பிரிக்கும் மேசையின் தலைவி முனியம்மாக்கா மட்டும் எதிலும் சேரவில்லை. “உள்ள குக்கர் மாதிரி ஆவி நிக்குது. தொறந்தா விசில் அடிக்கும். இன்னாத்துக்கு வம்பு?”

இரண்டாவது சீசனில் அந்தத் திங்கட்கிழமை வந்தது.

உறைய வைத்த கூழை வைத்திருக்கும் குளிர் அறைக்குக் காலையில் போய், ஒரு டிரம்மைத் திறந்து, மாதிரி எடுத்து வந்தேன். உருக்கி, சல்லடையில் ஊற்றினேன். மஞ்சள் எல்லாம் இறங்கிய பிறகு வலையில் ஒன்று மிச்சம் நின்றது. சுண்டுவிரல் நீளத்தில் சிவப்பு இழை.

அன்று பாய் அணிந்திருந்தது சிவப்புப் பெரே. அறிக்கையில் ‘அந்நியப் பொருள்: கம்பளி இழை, சிவப்பு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ‘என ஐயப்படுகிறேன்’ என்று எழுதவில்லை.

மாலை கப்பலுக்குப் போக வேண்டிய கன்டெய்னர் நிறுத்தப்பட்டது. மானேஜர் பாயைக் கூப்பிட்டு, என்னையும் நிற்கவைத்தார்.

“பாய், உங்கள மாதிரி காய் பாக்குற ஆள் எனக்குக் கிடைக்க மாட்டாங்க. அது எனக்குத் தெரியும். ஆனா ரெண்டுல ஒண்ணுதான். தலையில அது இருக்கணும்னா, கேட்டுக்கு வெளிய நீங்க இருக்கணும். இன்னிக்கே சொல்லிருங்க.”

பாய் சத்தம் போடவில்லை. பத்தொன்பது சீசன் வேலை பார்த்த இடம் அது. ஒன்றே ஒன்று கேட்டார்: “கம்பளின்னு சொன்னது யாரு?”

“நான்தான் பாய்” என்றேன்.

“எரிச்சுப் பாத்தீங்களா சார்?”

“இல்ல.”

“பாத்துரலாமா?”

ஆய்வகத்தில் தீ பற்றவைக்க அனுமதியில்லை. மானேஜர், பாய், இழையைக் கண்ணாடித் தட்டில் ஏந்திய நான், அழைக்காமலே பின்னால் வந்த முனியம்மாக்கா, நான்கு பேரும் கேன்டீன் அடுப்புக்குப் போனோம். மாஸ்டர் சாம்பாரை இறக்கிவைத்துவிட்டு நகர்ந்து நின்றார்.

“மொதல்ல அசல் கம்பளி எப்படி எரியும்னு பாக்கணும்” என்றார் பாய். வலையைக் கழற்றினார். பிறகு பெரேயைக் கழற்றினார்.

விசில் அடிக்கவில்லை. உள்ளே இருந்தது முடி. அடர்த்தியாக, வெள்ளி நிறத்தில், எண்ணெய் வைத்து, இடப்பக்க வகிடு எடுத்து வாரிய முடி. ஒரு இழைகூடக் கலையவில்லை. “யப்பா” என்றார் முனியம்மாக்கா. யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

பெரேயிலிருந்து ஒரு பிசிறு எடுக்க நான் இடுக்கியோடு குனிந்தேன். மழித்து மழித்து வழவழவென்று இருந்தது. பிடிக்க ஒரு நூல் கிடைக்கவில்லை. முழுத் தொப்பியிலும் நீட்டிக்கொண்டிருந்தது ஒன்றே ஒன்றுதான்.

“பாய், காம்பு வேண்டாம்” என்றேன்.

“வேற என்ன இருக்கு சார் அதுல?” என்றார். காய்கறி நறுக்கும் மேசையிலிருந்து கத்தரியை எடுத்து, தானே வெட்டினார். வெட்டும்போது கண்ணை மூடிக்கொண்டார்.

காம்பைத் தீயில் காட்டினேன். சுருண்டது. தலைமுடி கருகும் வாசனை வந்தது. தீயிலிருந்து எடுத்ததும் தானாக அணைந்தது. மிஞ்சிய கரித்துண்டை விரலால் நசுக்கினேன். பொடியாகிவிட்டது.

அடுத்து சிவப்பு இழை. பாதியை வெட்டி வைத்துவிட்டு, மீதிப் பாதியைக் காட்டினேன். உருகியது. பிளாஸ்டிக் நாற்றம். நுனியில் சின்ன மணி போல ஒரு சொட்டு இறுகி நின்றது. நசுக்கினேன். நசுங்கவில்லை. பாய் வாங்கி நசுக்கினார், மானேஜர் நசுக்கினார், கேன்டீன் மாஸ்டரும் கை நீட்டி வாங்கி நசுக்கிப் பார்த்தார்.

“இது ஆடு இல்ல. ஃபேக்டரியில செஞ்ச நூல்” என்றார் பாய். என்னை மேலும் கீழும் பார்த்தார். “சார், காலையில மாதிரி எடுக்கக் குளிர் ரூமுக்குப் போனீங்களே, தலையில என்ன போட்டிருந்தீங்க?”

“வலை போட்டிருந்தேன்.”

“வலைக்கு மேல?”

குளிர் அறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும் மங்கி குல்லா. உள்ளே போகிறவர்கள் எல்லோரும் மாட்டிக்கொள்வது. மானேஜர் மொத்தமாக வாங்கிப் போட்டது. கறுப்புக் குல்லா. அதன் விளிம்பில் சிவப்புப் பட்டை. டிரம்மின் மேல் குனிந்து நான் கூழ் எடுத்தபோது, அந்தப் பட்டை சரியாக டிரம்முக்கு மேலே இருந்திருக்கிறது.

போய் எடுத்து வந்தோம். பட்டையிலிருந்து ஒரு நூல் உருவினேன். உருவ வேண்டியதே இல்லை, தானாக வந்தது. அதுவும் உருகி மணியாக நின்றது.

முனியம்மாக்காதான் முதலில் வாயைத் திறந்தார். “அப்ப பாயி தொப்பிக்கு மேல வல போட்டது சரி. நீங்க வலைக்கு மேல தொப்பி போட்டது தப்பு. இதக் கண்டுபுடிக்கத்தான் படிச்சீங்களா சார்?”

குல்லாவை மாட்டாமல், வலையோடு மட்டும் மறுபடி உள்ளே போய், பல் கிடுகிடுக்க ஏழு டிரம்களில் மாதிரி எடுத்தேன். எல்லாம் சுத்தம். பழைய அறிக்கையின் கீழே ‘இழை செயற்கை நூல், மாதிரி எடுத்தவரின் குல்லாவிலிருந்து விழுந்தது, மாதிரி எடுத்தவர் நான்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மானேஜர் படித்துவிட்டு, குல்லாக்களையெல்லாம் வெளியே போடச் சொன்னார். பாயைப் பார்த்து, “காய் வண்டி நிக்குது பாய்” என்றார். அவரால் முடிந்த மன்னிப்பு அது. கன்டெய்னர் மாலை கிளம்பியது.

மறுநாள் டீ நேரத்தில் பாயே ஆய்வகத்துக்கு வந்தார். கதவைச் சாத்தினார். பேச்சு வாங்கத் தயாராகி எழுந்து நின்றேன்.

“உக்காருங்க. குளிர் ரூமுக்கு இனிமே வெறுந்தலையா போவீங்களா?”

“போய்த்தான ஆகணும் பாய்.”

“பேசாதீங்க. தல அசையுது.”

பையிலிருந்து தையல்காரர் டேப்பை எடுத்து, என் நெற்றியைச் சுற்றிக் காதுக்கு மேலாகக் கொண்டுபோனார். ஒரு முறை அளந்தார். சரிபார்க்க இன்னொரு முறை அளந்தார்.

என் தலையின் சுற்றளவு ஐம்பத்தாறு சென்டிமீட்டர்.