அடி வைக்கிற கல்

மேற்கே மலையும் கிழக்கே மணலும் எல்லையாக ஒரு நாடு இருந்தது. அங்கே எதையும் கட்டுகிற வழக்கம் கிடையாது. அடிக்கல் நாட்டுகிற வழக்கம்தான் உண்டு. யார் அரியணை ஏறினாலும் பூமாலையும் கொத்துக்கரண்டியுமாக ஊர் ஊராகக் கிளம்பிவிடுவார்கள். கல்லை நட்டாயிற்றா, காரியம் முடிந்தது. அதிலும் ஆற்றூருக்கு அடித்த யோகம் வேறெந்த ஊருக்கும் அடிக்கவில்லை. பாலம் கட்டித் தருவதாக வந்த ஆட்சிகளெல்லாம் ஆளுக்கொரு கல்லை நட்டுவிட்டுப் போக, கரை நெடுக ஆளுயரக் கருங்கற்கள் பெயரும் பட்டமும் தாங்கி நின்றன. பாலத்தை மட்டும் காணோம்.

ஆற்றூர் ஊர்மன்றத்துக்குத் தலைவி ஒச்சம்மா. அதிர்ந்து பேசத் தெரியாதவள். ஆனால் பிடித்த பிடியை விடவும் தெரியாதவள். ஊருக்கு அவள் கேட்டவை இரண்டே இரண்டு: ஆற்றுக்கு ஒரு பாலம், புளியமரத்தடியில் நடக்கிற பள்ளிக்கூடத்துக்கு ஒரு கூரை. கேட்டுக் கேட்டு அவளுக்குத் தலை நரைத்ததுதான் மிச்சம்.

ஒருநாள் தலைநகரிலிருந்து ஆணை வந்தது. ஆற்றூருக்குப் பாலத் திட்டம் இருப்பதால் இனி அங்கே பரிசல் தேவையில்லையாம். பரிசலைத் தூக்கிக்கொண்டு போக வந்த அதிகாரியிடம் ஒச்சம்மா கேட்டாள்:

"ஐயா, பாலம் இன்னும் வரலையே?"

"திட்டம் வந்துவிட்டது அம்மா. பாலம் என்பது திட்டத்தின் ஒரு சிறு பகுதி" என்றார் அவர், சிரிக்காமல்.

அடுத்த ஆணை, மன்னர்களின் பெயர் தாங்கிய கற்களுக்கு மரியாதை குறையக் கூடாது என்றது. கற்களைச் சுற்றி முள்வேலி எழும்பியது. துறையில் இறங்க வழியில்லாமல், தண்ணீர் குறைவாக ஓடும் இடம் தேடி மக்கள் காடு மேடெல்லாம் சுற்றினார்கள்.

அந்த நேரம் பார்த்துத்தான் ஒச்சம்மாவின் மகள் செவந்தி தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். மருத்துவமனை அக்கரையில். வலி கண்ட பிறகே சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது அங்கே சட்டம். வலி வரப்போவதோ ஐப்பசியில். ஆறு கரை புரளும் மாதம். போன ஐப்பசியில் இப்படித்தான் ஒரு பெண் இக்கரையிலேயே உயிரை விட்டாள். மகளின் வயிற்றைப் பார்க்கும்போதெல்லாம் ஐப்பசிக்கு இன்னும் எத்தனை நாள் என்று ஒச்சம்மா விரல்விட்டு எண்ணினாள்.

புரட்டாசியில் ஆட்சி மாறியது. பாலத்துறையின் புது அமைச்சர் வெற்றிமுடியார் மேளதாளத்தோடு வந்து, பழைய கற்களுக்குப் பக்கத்தில் அவற்றைவிட ஒரு சாண் உயரமான கல்லை நட்டார். எல்லாரும் கை தட்டி ஓய்ந்ததும் ஒச்சம்மா எழுந்தாள்.

"ஐயா, ஒரு சந்தேகம். பாலம் எங்க வரும்?"

"என்ன கேள்வி இது? ஆற்றின் குறுக்கே வரும்."

"அப்ப அடிக்கல்லு மட்டும் கரையில நிக்குதே? எந்த இடத்துல வேலையோ அந்த இடத்துலதான் அடிக்கல் இருக்கணும்னு சட்டம் சொல்லுதுன்னு சொல்றாங்க. உங்களுக்கு முன்னாடி இருந்தவங்க எல்லாரும் தப்பான எடத்துல நட்டுட்டுப் போயிட்டாங்களோ என்னமோ."

வெற்றிமுடியாருக்கு வாயெல்லாம் பல். முந்தைய ஆட்சிகளின் பிழையொன்று கையில் கிடைத்தால் எந்த அமைச்சர்தான் விடுவார்? ஒலிவாங்கியை இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

"நாட்டு மக்களே! தலைமுறை தலைமுறையாக நடந்த இந்த மோசடியை நமது அரசு இன்று அம்பலப்படுத்தியிருக்கிறது. அந்தக் கற்கள் அனைத்தும் உடனடியாக ஆற்றுக்குள் நாட்டப்பட வேண்டும். இது என் ஆணை."

"உங்க கல்லை என்ன பண்றது ஐயா?"

அமைச்சர் தம் கல்லைத் திரும்பிப் பார்த்தார்.

"அதை நடு ஆத்துல எல்லாத்துக்கும் மேலாக வெச்சிடறோம்" என்றாள் ஒச்சம்மா. "போறவங்க வர்றவங்க கண்ணுல படணுமில்ல?"

அமைச்சர் குளிர்ந்துபோய்க் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் விடிவதற்குள் வேலி பிரிக்கப்பட்டது. கடப்பாரையும் வடமுமாக ஊரே ஆற்றில் இறங்கியது. கொத்தனார் வீரணன் தலையைச் சொறிந்தார்.

"எப்படித் தாயி நடணும்?"

"பாதிக் கல்லை நட்டு நிறுத்துங்கண்ணே. மீதியை அதுங்க தலை மேல படுக்கப் போடுங்க. அடிக்கல்லுன்னா என்ன? அடி எடுத்து வைக்கிற கல்லுதானே?"

வீரணன் வேட்டியை மடித்துக் கட்டினார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒச்சம்மாவும் மார்பளவு தண்ணீரில் வடம் பிடித்தாள். கல்லில் பெயராக இருந்த பகையாளி மன்னர்களெல்லாம் தோளோடு தோள் நின்று சுமந்தார்கள். உயிரோடு இருந்த காலத்தில் அவர்கள் செய்யாத வேலை. ஆணையில் ஓரெழுத்துக்கூட மீறப்படவில்லை. அவளை நினைத்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

ஐப்பசியில் ஆறு பொங்கி வந்து, படுத்திருந்த கற்களின் அடியைத் தொட்டு ஓடியது. அடைமழையில் செவந்திக்கு வலி கண்டது. தாயின் தோளைப் பிடித்துக்கொண்டு, வெற்றிமுடியாரின் பட்டப்பெயர்கள்மீது அடிமேல் அடி வைத்து அவள் அக்கரை சேர்ந்தாள். பெண் குழந்தை. தாயும் சேயும் நலம்.

எதிரிகளின் பெயர்கள் முழுகியதைக் கண்ணாரப் பார்க்க வந்த அமைச்சர் கரையிலேயே திகைத்து நின்றார்.

"என் பெயரை மிதிக்கிறார்களே!"

"மிதிக்கலைங்க. உங்க பேரைச் சொல்லித்தான் ஆத்தையே தாண்டுறோம்" என்றாள் ஒச்சம்மா, தோளில் பேத்தியோடு.

அது புகழ்ச்சியா ஏளனமா என்று அமைச்சருக்குக் கடைசிவரை விளங்கவில்லை. அரண்மனைக்கு விளங்கிவிட்டது. கல் கொடுத்தால் இந்த மக்கள் கட்டிவிடுகிறார்கள் என்று அமைச்சரவை கவலையோடு விவாதித்தது. இனி மன்னர் தலைநகரில் இருந்தபடியே அடிக்கல் நாட்டுவார், ஊர்களில் அந்தக் காட்சி திரையில் காட்டப்படும், கல் எதுவும் அனுப்பப்படமாட்டாது என்று ஆணை பிறந்தது.

முதல் விழா ஆற்றூர்ப் பள்ளிக்கூடத்துக்கு. திரை மழையில் நனையக் கூடாதே என்று புளியமரத்தடியிலேயே இரும்புத் தூண் ஊன்றி, தகரம் வேய்ந்து, பெரிய கொட்டகை போட்டார்கள். உட்கார்ந்து பார்க்க வரிசையாகப் பெஞ்சுகளும் வந்து இறங்கின. திரையில் மன்னர் கல்லுக்குப் பூப்போட்டார். ஊர் கை தட்டியது.

ஒச்சம்மா ஒரு தூணைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். அது அசையவில்லை. பக்கத்தில் நின்ற அதிகாரியிடம் மெல்லக் கேட்டாள்:

"ஐயா, விழா முடிஞ்சதும் இந்தக் கொட்டகையைப் பிரிக்கணும்னு ஆணையில எங்கயாவது இருக்கா?"