பைத்தியத்துக்குக் கிடைத்த பதவி உயர்வு

கார்த்திகை பிறப்பதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, இனி எவரும் என்னைப் பைத்தியம் என்று அழைக்கலாகாது என்று நான் தீர்மானித்தேன். எவரும் என்றால் என் மனைவி காவேரி. வேறு எவரும் அவ்வாறு அழைத்ததில்லை. அழைக்க அவள் வாய்ப்பளித்ததும் இல்லை.

காரணம் ஒரு மோட்டார் சைக்கிள். பழையது, ஆனால் அதன் சைலன்சரில் முகம் பார்த்துச் சவரம் செய்துகொள்ளலாம். பிள்ளைப்பாக்கத்தில் எங்கள் வீட்டுக் கூடம் சிறியது. அதில் பாதி வண்டிக்கு. மீதிப் பாதி எங்கள் இருவருக்கு. அந்த வண்டியை ஒரகடம் சாலையின் லாரிப் புழுதியில் இறக்க என் மனம் ஒப்பாததால், நான் வேலைக்குக் கம்பெனி பஸ்ஸில் போகிறேன். காவேரிக்கு வல்லம் வடகாலில் வேலை. அவளுடைய கம்பெனி பஸ் ஊருக்குள் வராது. நெடுஞ்சாலை வரை நடந்துபோகிறாள். அதுபற்றி அவளுக்குச் சில கருத்துகள் உண்டு.

அன்று நான் சக்கரக் கம்பிகளை ஒவ்வொன்றாகப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏங்க, இது வூடா, ஒர்க் ஷாப்பா?"

"கோயில்" என்றேன்.

"பைத்தியம் முத்திப்போச்சு. இத்தக் குடுத்துட்டு எக்ஸ்சேஞ்சுல ஒரு ஸ்கூட்டி எடுத்தா நான் பாட்டுக்கு ஓட்டிக்கினு போவேன். நீங்களும் ஓட்ட மாட்டீங்க, என்னையும் ஏத்த மாட்டீங்க."

"பைத்தியம்னு சொல்லாத. ஈடுபாடுன்னு சொல்லு."

"எதிர்வூட்டுப் பிச்சையா அண்ணன் கட்-அவுட்டுக்குப் பால் ஊத்துறாரே, அது?"

"அவன் ரசிகன்."

"அவரு பொண்டாட்டி வெறியன்னு சொல்லுது."

"அது அவங்க வூட்டு விஷயம்."

"எங்க லைன்ல சுகப்பிரியான்னு ஒருத்தி. காய்ச்சலோட வந்து வேல செய்யிறா. சூப்பர்வைசர் டெடிகேஷன்னு கைதட்டுறாரு. அவ மாமியார் திமிருன்னுது. இதுல எது சரி?"

எனக்குத் தலை சுற்றியது. மனிதர் ஒன்றின்மீது உயிரை விடும் விதம் எங்கும் ஒன்றுதான். பெயர்தான் ஆளுக்கு ஆள் மாறுகிறது. பால் ஊற்றினால் ரசிகர். கொடி பிடித்தால் தொண்டர். ஓவர்டைம் பார்த்தால் உழைப்பாளி. எண்ணெய் போட்டுத் துடைப்பவன் மட்டும் பைத்தியமா? இத்தனை பெயர்களில், கேட்ட மாத்திரத்தில் மனைவி வாய் மூடும் பெயர் எது?

பிச்சையாவிடம் கேட்டேன். அவன் யோசிக்கவே இல்லை.

"பக்தன், அண்ணே! ஐயப்பனுக்கு மாலையப் போடு. ஊரே அடங்கிப்பூடும். வண்டிக்குச் சந்தனம் தடவி, மலைக்குப் போற வண்டின்னு சொல்லிடு. மலைக்குப் போற வண்டிய எந்தப் பொம்பள விக்கச் சொல்லுவா?"

"காவேரி சொல்லுவாளே."

"சாமி குத்தம்னு ஒண்ணு கீது அண்ணே."

கார்த்திகை முதல் நாள் மாலை அணிந்தேன். வண்டிக்கும் ஒரு மாலை அணிவித்தேன். மாலை போட்டவரைப் பெயர் சொல்லி அழைக்கும் வழக்கம் இல்லை. எல்லாரும் சாமி என்றே அழைப்பர். ஒரே காலையில் பைத்தியத்திலிருந்து தெய்வமாக உயர்ந்தேன். இந்த வேகத்தில் எங்கள் கம்பெனியில் ஒருவருக்கும் பதவி உயர்வு கிடைத்ததில்லை.

ஆனால் உயர்ந்த பின்பு குழப்பமும் உயர்ந்தது.

"இன்னா சாமி, ரிஜெக்ட் பீஸ் இவ்ளோ போவுது? கண்ணு தெரியுதா சாமி?" என்றார் எங்கள் கம்பெனி சூப்பர்வைசர். இது வணக்கமா, வசையா என்று உணவு இடைவேளை வரை எனக்கு விளங்கவில்லை.

வீட்டில் இன்னும் மோசம். காவேரி பணிவாகிவிட்டாள்.

"வெந்நீ வைக்கல சாமி. பச்சத்தண்ணிதான் விரதத்துக்கு ஒசத்தி."

"ஏய், குளிருதுடி!"

"சாமி கோவப்படக் கூடாது சாமி."

"சரி, பாய் எங்க?"

"சாமி வெறுந்தரையில படுக்கணும். தரையில எடந்தான் இல்ல. வண்டி நிக்குதே சாமி."

சைலன்சருக்கும் சுவருக்கும் இடையே ஒருக்களித்துப் படுத்தேன். தெய்வமாக இருப்பது இத்தனை நெருக்கடியானது என்று எவரும் எனக்குச் சொல்லவில்லை.

பின்னர், நான் கேளாமலேயே, காவேரி வீட்டில் பூஜை ஏற்பாடு செய்தாள். எங்கள் ஊர்க்காரர்களை ஆண்டுதோறும் மலைக்கு அழைத்துச் செல்லும் குருசாமி வனமாமலை வந்தார். பத்துப் பதினைந்து சாமிகள் வண்டியைச் சுற்றி நெருக்கியடித்து அமர்ந்தார்கள். கற்பூரம் ஏற்றியானது. காவேரி கைகூப்பி முன்னே வந்தாள்.

"குருசாமி, ஒரு சந்தேகம். மாலை போட்டவருக்கு எதும்மேலயும் பற்று இருக்கலாமா?"

"பற்ற விடறதுக்குத்தானேம்மா விரதமே."

"எங்க சாமிக்கு இந்த வண்டின்னா உயிரு. ராவுல அதும் பக்கத்துலதான் படுக்கறாரு. இவரு பக்தி ஐயப்பன் மேலயா, வண்டி மேலயான்னு எனக்கு ஒரே கொழப்பமா கீது. நீங்களே கேட்டுச் சொல்லுங்க."

குருசாமி என்னை நோக்கினார். எல்லாச் சாமிகளும் என்னை நோக்கினார்கள்.

"சொல்லுங்க சாமி. ஐயப்பன் பெருசா, வண்டி பெருசா?"

உதவிக்குப் பிச்சையாவைப் பார்த்தேன். அவன் பொங்கலிலிருந்து மிளகைப் பொறுக்கிக்கொண்டிருந்தான். ஒரு முறை வண்டியைப் பார்த்தேன். அதன் விளக்கு என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

"ஐயப்பன்தான்" என்றது என் வாய்.

"சாமியே சரணம் ஐயப்பா!" கூரை அதிர்ந்தது. அனைவரிலும் உரக்க முழங்கியவன் பிச்சையா.

"அப்போ வண்டி வேணாம்னுட்டாரு" என்றாள் காவேரி.

"நான் எப்போ..."

"சாமி பேச்சு மாறக் கூடாது சாமி."

"ஆமாம் சாமி" என்றார் குருசாமி. "பொண்டாட்டி இந்த மாதிரி அமையறது பெரிய பாக்கியம்."

அந்த வாரமே வண்டி சந்தனப் பொட்டுடன் வாலாஜாபாத் எக்ஸ்சேஞ்சுக் கடைக்குப் போயிற்று. காட்டிய இடத்தில் நான் கையெழுத்திட்டேன். கண்ணில் நீர் தளும்பியது. கடைக்காரர் அதைப் பக்திப் பரவசம் என்று கருதிக் கும்பிட்டார்.

மறுநாள் காலை, கூடத்தில் வெறுமையாகக் கிடந்த பாதியைப் பார்த்துக்கொண்டே நின்றதில் கம்பெனி பஸ்ஸைத் தவறவிட்டேன். வெறுங்காலுடன் நெடுஞ்சாலை ஓரமாக நடந்தேன். லாரிகள் தம்மிடமிருந்த புழுதியை எல்லாம் எனக்கே அளித்தன. பின்னால் ஹாரன் கேட்டது. புத்தம்புதிய ஸ்கூட்டியில் ஹெல்மெட்டுடன் காவேரி. பின் இருக்கை காலியாக இருந்தது. போனது போகட்டும், வீட்டில் ஒரு வண்டியாவது ஓடுகிறதே என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு, வேட்டியைத் தூக்கிக்கட்டிக் காலையும் தூக்கினேன்.

அவள் பதறிப்போய் வண்டியை ஓரடி முன்னே நகர்த்தினாள்.

"ஐயையோ, மாலை போட்டுக்கினு பொம்பள பின்னாடி ஒட்டி உக்காரக் கூடாது, நடந்தே வாங்க சாமி!"