காது வரை மூழ்கி சிங்கப்பெருமாள் கோவில் போன கதை

ஆங்கிலம் எனக்குச் செய்த அநீதிகளை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன், தோழர்களே.

முதலாவது, எங்கள் நகருக்கு நடைமேம்பாலம் கேட்டு நான் தமிழில் எழுதிய மனு, "இங்கிலீஷ் காப்பி இருக்கா?" என்ற கேள்வியோடு திரும்பி வந்தது.

இரண்டாவது, நானே ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். எழுத்தர் பாதி படித்துவிட்டுத் தண்ணீர் கேட்டார்.

மூன்றாவது, இனி ஆங்கில மனுவை டைப்பிங் சென்டரில் கொடுப்பதென்று எங்கள் குடியிருப்போர் சங்கமே தீர்மானம் போட்டது. நான் வெளியே டீ குடிக்கப் போன நேரம் பார்த்து!

ஆகவே நேற்று என் வேலை இவ்வளவுதான். தாம்பரத்தில் டைப் அடித்த மனுவை வாங்கிக்கொண்டு, பதினொரு மணிக்குள் வண்டலூர் வர வேண்டும். அதிகாரி நேரில் வருகிறார். கையில் மனு இல்லையென்றால் பாலம் இல்லை.

மனுவை வாங்கினேன். ஸ்டேஷன் வாசலில் ஆங்கில மரபுத்தொடர் புத்தகம் ஒன்றும் வாங்கினேன். எதிரியின் ஆயுதம் நமக்கும் தெரிய வேண்டாமா?

ரயிலில் உட்கார்ந்து பிரித்தேன். ஒன்றில் ஆழ்ந்துபோவதைச் சொல்ல வெள்ளைக்காரனிடம் ஒரு பக்கம் நிறையத் தொடர்கள்! புத்தகத்துக்குள் மூக்கைப் புதைப்பானாம். வேலையில் காது வரை மூழ்குவானாம்.

விடுவேனா? பென்சிலை எடுத்து ஓரத்தில் மறுப்பு எழுதினேன். 'காது வரை வேலையில் மூழ்கிய அதிகாரி ஒருவரையும் நான் கண்டதில்லை.' இப்படி ஏழு தொடர்களுக்கு ஏழு கண்டனங்கள்.

எதிரில் பூக்கூடையோடு இருந்த அம்மா கேட்டார்: "எங்க எறங்கணும் பெரியவரே?"

"வண்டலூர்."

"அது போயி எம்மா நேரம் ஆவுது! சிங்கப்பெருமாள் கோவில் வந்துகினு கீது!"

இறங்கி ஓடினேன். போன் அடித்தது. சங்கச் செயலாளர் கஸ்தூரி.

"வேதாசலம் அண்ணா, ஆபீசர் வந்துட்டாரு! எங்க இருக்கீங்க?"

"சிங்கப்பெருமாள் கோவில்."

"சாமி கும்பிடவா? நீங்களா?"

நாற்பது வருட நாத்திகம் அந்த பிளாட்பாரத்தில் தலைகுனிந்து நின்றது.

திரும்பிப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. கஸ்தூரி நோட்டுத் தாளைக் கிழித்து, தமிழில் ஆறே வரி எழுதிக் கொடுத்தாராம். "தெளிவா இருக்கேம்மா" என்று அதிகாரி கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டாராம். அடுத்த மாதம் அளக்க வருகிறார்களாம்!

எல்லோரும் லட்டு தின்றுகொண்டிருந்தார்கள். எனக்கும் ஒன்று கொடுத்துவிட்டு, கஸ்தூரி வருகைப் பதிவேட்டை நீட்டினார்.

போராட்டமோ மனுக் கொடுப்பதோ, வராதவர் பெயரைச் சபையில் உரக்க வாசிக்க வேண்டும் என்பது எங்கள் சங்க விதி. கொண்டுவந்தவன் நான். வாசிப்பவனும் நான்.

"இன்னிக்கு வேணாம் விடுங்கண்ணா," என்றார் கஸ்தூரி, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

விதி விதிதான். லட்டை விழுங்கிவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்து நின்றேன்.

"வராதவர் ஒருவர். தோழர் வேதாசலம்."