பதினொரு பெண்கள் சொன்ன பெயர்

கல்மண்டபம், ராயபுரம்,
18-8-1954, புதன்கிழமை.

பொன்னேரி முன்சீப் கோர்ட்டில் முப்பது வருஷம் அமீனாவாக இருந்து நல்ல பெயரோடு ஓய்வு பெற்ற, மதிப்பிற்குரிய மாமா திருமலை அவர்கள் சமூகத்துக்கு, மருமகன் கருணாகரன் தலை வணங்கி எழுதிக்கொள்வது. இங்கே நான் சௌக்கியம் என்று தொடங்குவதுதான் முறை. ஆனால் நேற்று வந்த உங்கள் கார்டைப் படித்த பிறகு அப்படி எழுதினால் அது பொய்ச் சத்தியம் ஆகிவிடும். ஆகவே அங்கே நீங்களும் அத்தையும், முக்கியமாக மங்கையும், சுகமாக இருக்க வேண்டும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

மங்கையை உடனே அனுப்பச் சொல்லி நான் எழுதியதற்கு, "பதினொரு பேர் இருக்கும் இடத்துக்குப் பன்னிரண்டாவதாக என் பெண்ணை அனுப்புவதற்கில்லை" என்று ஒரே வரி எழுதியிருந்தீர்கள். அதைக் கவரில் எழுதியிருக்கலாம் மாமா. கார்டில் எழுதியதால் தபால்காரர் படித்துவிட்டு, என்னை மேலும் கீழும் பார்த்து, "பதினொண்ணா சார்" என்று கேட்டுவிட்டுப் போனார். இப்போது தெருவில் யாரும் என்னை வக்கீலய்யா என்று கூப்பிடுவதில்லை. மரியாதை கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்று எனக்கே புரியவில்லை.

நடந்ததை ஒளிவு மறைவு இல்லாமல் சொல்லிவிடுகிறேன். முதலில் ஒரு சின்ன விஷயம். வைகாசியில் கல்யாணம் பேசியபோது நான் ஹைகோர்ட் வக்கீல் என்று தரகர் சொன்னார். நான் மறுக்கவில்லை. ஹைகோர்ட்டுக்கு நான் தினமும் போனது உண்மை. அங்கே எனக்குக் கேஸ் இருந்ததா என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஆடி மாதம் மங்கையை நீங்கள் அழைத்துக்கொண்டு போனபின் வீட்டில் தனியாக உட்கார்ந்திருக்க மனம் ஒப்பாமல், கல்மண்டபத்தில் பினாங்குக் கப்பலுக்கு ஆள் ஏற்றிவிடும் ஏஜெண்டு லியாகத் அலி சாயபுவிடம் காண்டிராக்ட் வக்கீலாகச் சேர்ந்தேன். மாத வேலை இல்லை, ஒரு கப்பலுக்கு ஒரு காண்டிராக்ட். பினாங்கில் வேலை செய்யும் புருஷனிடம் போய்ச் சேர வேண்டிய பெண்டுகளுக்குப் பர்மிட் வாங்கித் தருவது என் பொறுப்பு. இந்தக் கப்பலுக்குப் பதினொரு பேர். அந்தப் பதினொன்று இந்தப் பதினொன்றுதான்.

இப்போதெல்லாம் பினாங்குக்குச் சும்மா ஏறிப் போய்விட முடியாது மாமா. சட்டம் இறுகிப்போயிற்று. பர்மிட் ஆபீஸில் மலாயா சர்க்காரின் வெள்ளைக்காரத் துரை ஒருவர் உட்கார்ந்துகொண்டு, நீ நிஜமாகவே அவன் மனைவிதானா என்று குறுக்கு விசாரணை செய்வார். புருஷன் பெயர் என்ன, அங்க அடையாளம் என்ன, எங்கே கல்யாணம் நடந்தது. அதற்காக நான் ஏஜெண்டு ஆபீஸ் பின்கட்டில் பத்து நாள் வகுப்பு நடத்தினேன். முதல் நாளே முதல் கேள்வியிலேயே வண்டி நின்றுவிட்டது. புருஷன் பெயர் என்ன என்று கேட்டால் பதினொரு பேரும் தலையைக் குனிந்துகொண்டு முந்தானையைத் திருகுகிறார்கள். மீன் கூடையோடு வகுப்புக்கு வரும் கன்னியம்மா, வாய்க்குப் பயப்படாதவள், அவளே முடியாது என்றுவிட்டாள். "கட்டின புருசன் பேர எப்டி வக்கீலய்யா வாயால சொல்றது? நாக்கு அழுகிப் பூடாது?" என்றாள். ரஹீமுன்னிசா பீவியும் தலையாட்டினார். கஸ்பார் என்பவரின் மனைவி சிலுவை போட்டுக்கொண்டாள். மூன்று மதமும் ஒரே பக்கம் நின்றால் ஒரு வக்கீல் என்ன செய்ய முடியும் சொல்லுங்கள்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. படித்தவனுக்குத்தான் இப்படிப்பட்ட யோசனை வரும். "சரி, உங்கள் புருஷன் பெயர் வேண்டாம், இப்போதைக்கு என் பெயரைச் சொல்லிப் பழகுங்கள், நான்தான் உங்களுக்கு யாரும் இல்லையே, நாக்கு கூச்சம் போகட்டும், ஆபீஸில் போய்ச் சரியான பெயரைச் சொல்லிக்கொள்ளலாம்" என்றேன். அவ்வளவுதான், மடை திறந்த மாதிரி ஆயிற்று. புருஷன் பெயர் என்ன என்றால் பதினொரு குரலும் ஒன்றாகக் "கருணாகரன்" என்கின்றன. வெளியில் போகிற ரிக்‌ஷாக்காரர்கள் நின்று கேட்டார்கள். அங்க அடையாளத்துக்கும் என்னுடையதையே கொடுத்தேன், இடது தோளில் பின்பக்கம் ஒரு மச்சம் என்று என் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் ஹெட்மாஸ்டர் கைப்பட எழுதியிருக்கிறதே, அது. இதற்கு நடுவில் ஒரு நாள் கன்னியம்மாவின் கூடையிலிருந்து மீன் தண்ணீர் என் சட்டை முழுக்கக் கொட்டி, அவளே அதை அலசிப் போட்டு, அது காயும்வரை நான் வெறும் உடம்போடு ஒரு மணி நேரம் பாடம் நடத்தும்படி ஆயிற்று. இதை எதற்கு எழுதுகிறேன் என்றால், என் தொழில் பக்தி எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

போன வாரம் செவ்வாய்க்கிழமை விசாரணை. துரை ரப்பர் தோட்டத்தில் தமிழ் கற்றவராம், மொழிபெயர்ப்பாளர் வேண்டாம் என்று தாமே கேட்டார். நான் குடையோடு ஜன்னலுக்கு வெளியே நின்றிருந்தேன். முதலில் அங்கம்மா உள்ளே போனாள். "புருஷன் பெயர்?" "கருணாகரன்." எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. துரை மனுவைப் பார்த்தார், அதில் வேறு பெயர். எழுதிக்கொண்டார். அடுத்து ரஹீமுன்னிசா பீவி. கருணாகரன். துரை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் ஜன்னலில் கையைக் காலை ஆட்டினேன். தைரியம் சொல்கிறார் வக்கீல் என்று நினைத்துக்கொண்டு அடுத்தவள் இன்னும் உரக்கச் சொன்னாள். பாவம், அவர்களைக் குற்றம் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. நாக்கும் அழுகாமல் கேள்விக்குப் பதிலும் சொல்ல ஒரு வழி கிடைத்தால் யார் விடுவார்கள்? நாலாவது ஆளிடம் துரை, யார் அந்தக் கருணாகரன் என்று கேட்க, அவள் ஜன்னலைக் காட்டினாள். "தோ, கொடைய வச்சுகினு நிக்கிறாரே, அவருதான்."

பதினொரு பேரிடமும் பெயரும் அங்க அடையாளமும் கேட்டு எழுதிக்கொண்டபின் என்னை உள்ளே கூப்பிட்டார்கள். பதினொரு மனைவிகளை வெவ்வேறு பெயரில் கப்பலேற்றிவிட்டு நான் தப்பப் பார்க்கிறேன் என்பது துரையின் கட்சி. எனக்கு ஒரே மனைவி, பெயர் மங்கை, பொன்னேரி திருமலை அவர்களின் குமாரத்தி என்று உங்கள் கௌரவத்தை நம்பிச் சொன்னேன். அவர் உங்கள் விலாசத்தை எழுதிக்கொண்டது விசாரிப்பதற்காக என்று எனக்குத் தெரியாது. பதினொரு பெயரையும் வரிசையாக எழுதி, "இவர்களில் உங்கள் மகள் யார்" என்று இங்கிலீஷில் உங்களுக்குக் கடிதம் போடுவார் என்று சொப்பனத்திலும் நினைக்கவில்லை. அதை நீங்கள் படிக்கச் சொல்லிக் கோர்ட் ஹெட்கிளார்க்கிடம் கொடுத்ததாகவும், அவர் வராந்தாவில் நின்று உரக்கப் படித்ததாகவும் கேள்வி. பொன்னேரி முழுக்க உங்களுக்கு ஏற்பட்ட தலைகுனிவுக்கு நான் உங்கள் காலில் விழுகிறேன். அங்கே மங்கையும் நின்று கேட்டிருந்தால் அவள் காலிலும்.

துரையிடம் நம் வழக்கத்தை விளக்கிச் சொன்னேன் மாமா. எங்கள் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டார்கள், என் பெயரைச் சொன்னதே அவர்கள் என் மனைவி இல்லை என்பதற்கு அத்தாட்சி என்று ஒரு மணி நேரம் வாதாடினேன். ஹைகோர்ட்டில் கூட நான் இப்படி வாதாடியது கிடையாது, அங்கே சந்தர்ப்பம் வரவில்லை. துரை மோவாயைத் தடவிக்கொண்டு கடைசியில் ஒரு வார்த்தை சொன்னார். "நல்லது. பெயர் சொன்னவள் மனைவி இல்லை, சொல்லாதவள்தான் மனைவி. அந்தச் சொல்லாதவளைக் கொண்டுவந்து காட்டும். பத்தொன்பதாம் தேதி பகலுக்குள்." கப்பல் இருபத்தொன்றாம் தேதி கிளம்புகிறது. மங்கை வராவிட்டால் இந்தப் பதினொரு பேரும் கரையில் நிற்க வேண்டியதுதான். நான் எங்கே நிற்பேன் என்று எனக்கே தெரியாது.

ஆகையால் ஆடிக்கு அழைத்துப்போன பெண்ணை, ஆவணி பிறந்தும்விட்டதால், தயவு செய்து இந்தக் கடிதம் கொண்டுவரும் ஆளோடு நாளைக் காலை வண்டியிலேயே அனுப்பிவைக்க வேண்டும். அவள் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. சும்மா நாற்காலியில் உட்கார்ந்து என் பெயரைச் சொல்லாமல் இருந்தால் போதும். அந்த விஷயத்தில் எனக்குக் கடுகளவும் சந்தேகம் இல்லை. என்னோடு இருந்த இரண்டு மாதத்தில் அவள் என்னைக் கூப்பிட்டது எல்லாம் தொண்டையைக் கனைத்தும், வளையலைக் குலுக்கியும், ரொம்ப அவசரமானால் ஒரு டம்ளரைக் கீழே போட்டும்தான். வீட்டில் உருப்படியான டம்ளர் ஒன்றுதான் பாக்கி. அதுவும் இந்த ஒரு மாதமாக விழாமல் இருக்கிறது. அந்தச் சத்தம் இல்லாமல் வீடு நன்றாகவே இல்லை மாமா.

அத்தைக்கு என் நமஸ்காரம். மைத்துனன் ஜெயவேலுக்கு என் அன்பு, வக்கீல் படிப்பு வேண்டாம் என்று சொல்லவும். தெய்வம் உங்களுக்கு நீண்ட ஆயுளையும், இந்தக் கடிதத்தை முழுக்கப் படிக்கும் பொறுமையையும் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரே மனைவி உள்ள மருமகன்,
கருணாகரன்.

பின்குறிப்பு: 19-ஆம் தேதி மாலை. ஒட்டிய கவரைக் கிழித்து இதை எழுதுகிறேன். காலையில் முதல் வண்டிக்குப் போகும் ஆளிடம் கொடுக்கப் புறப்பட்டபோது வாசலில் மங்கையே தகரப்பெட்டியோடு நின்றாள். எண்ணூரில் சித்தி வீட்டுக்குப் போவதாக உங்களிடம் சொல்லிவிட்டு வந்தாளாம், அவளை நீங்கள் கோபிக்கக் கூடாது. வழியெல்லாம் நான் விஷயத்தை விளக்க, "ம்" என்று மட்டும் சொல்லிக்கொண்டு ஆபீஸுக்கு வந்தாள். துரை மூன்று தடவை என் பெயரைக் கேட்டார். அவள் மூன்று தடவையும் தலையைக் குனிந்துகொண்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பெஞ்சியில் இருந்த பதினொரு பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். "இவள்தான் மனைவி" என்று துரை பேனாவை எடுத்தார். அதோடு விட்டிருக்கலாம். ரிக்கார்டுக்காக ஒரு கேள்வி என்று அங்க அடையாளம் கேட்டார். வலது தோளில் மச்சம் என்றாள் மங்கை. பத்துப் பேர் இடது என்றல்லவா சொன்னார்கள் என்று துரை காகிதங்களைப் புரட்ட, கன்னியம்மா நியாயத்துக்காக எழுந்தாள்.

"அந்தப் பொண்ணு சொல்றதுதான் சரி தொர. வலது தோள்லதான் கீது. நான் அன்னிக்கே அப்டித்தான சொன்னேன்? சொக்காய கயட்டிகினு குந்திகினு இருந்தாரே, என் கண்ணால பார்த்தனே."

எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் ஹெட்மாஸ்டர் தவறாக எழுதிவிட்டார் மாமா. என் முதுகு எனக்குத் தெரியுமா? மங்கை மெல்ல என் பக்கம் திரும்பினாள்.

"கருணாகரா" என்றாள்.

துரை பேனாவைக் கீழே வைத்து, யோசித்து, மறுபடி எடுத்தார். பெயர் சொன்னவள் மனைவி இல்லை என்பது என் வாதம், அதை அவர் ஏற்றுக்கொண்டாராம். பன்னிரண்டு பேரும் சொல்லிவிட்டார்கள், ஆகவே பன்னிரண்டு பேரும் என் மனைவி இல்லை. பதினொரு பர்மிட்டிலும் கையெழுத்துப் போட்டு, என் பெயருக்கு எதிரில் "பிரம்மசாரி" என்று எழுதி முத்திரை குத்திவிட்டார். கன்னியம்மா உள்பட எல்லோரும் சனிக்கிழமை கப்பல் ஏறுகிறார்கள். சாயபு அடுத்த கப்பலுக்கும் என்னையே போட்டிருக்கிறார்.

சர்க்கார் கணக்கில் கல்யாணமாகாதவன் வீட்டில் எப்படி இருப்பது என்று மங்கை, சாயபுவின் சம்சாரம் மலிகா பீவியோடு பக்கத்து வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள். நீங்கள் கல்யாணப் பத்திரிகையோடு வந்து என்னை அவள் புருஷன் என்று ருசுப்படுத்தினால்தான் வருவாளாம். அவசியம் வர வேண்டும். ஆனால் நாளைக்கே வேண்டாம் மாமா, ஞாயிற்றுக்கிழமை வந்தால் போதும். பத்து நாளாகப் பதினொரு பேர் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டேன், ஒன்றும் தோன்றவில்லை. இன்றைக்குக் கோபத்தில்தான் சொன்னாள், ஆனாலும் நன்றாக இருந்தது. நீங்கள் வருவதற்குள் இன்னொரு தடவை சொல்கிறாளா என்று பார்க்கிறேன்.