வல்லாரை விழிப்புணர்வு மாலை

இலங்கைத் தீவின் போசாக்கு வரலாற்றை எழுதப் போகிறவர்கள், வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியின் நலன்புரிச் சங்கம் நடத்திய 'வல்லாரை விழிப்புணர்வு மாலை'யை ஒதுக்கிவிட முடியாது. சங்கச் செயலாளர் என்ற முறையில் நானே இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. வேறு யாரும் சொல்வதாகத் தெரியவில்லை.

கீரை தந்தவர் றொபேட். கொச்சிக்கடையிலிருந்து விடியவே பஸ் ஏறி வந்து, பதினொரு வருடமாக எங்கள் வாசல் மரநிழலில் கீரை விற்கிறவர். விழாவுக்கென்று ஐம்பது கட்டு வல்லாரையைச் சும்மாவே தந்தார். பின்னேரம் நாலு மணிக்கு அதைக் குறுணியாக அரிந்து, தேங்காய்ப்பூ, வெங்காயம், பச்சைமிளகாய் சேர்த்து, தேசிக்காய்ப் புளியும் விட்டுச் சம்பலாக்கி மூடி வைத்தோம். றொபேட் பதறிப்போனார்.

"சேர், புளி விட்டா உடன சாப்பிட வேணும். கறுத்துப் போயிடும்."

தலைவர் நமசிவாயம் கேட்பாரா? நிகழ்ச்சி நிரலில் சம்பலுக்குப் பதினான்காம் இடம். மங்கள விளக்கு, வரவேற்புரை, பொன்னாடை, தலைமையுரை எல்லாம் முறையாக நடந்தன. பிறகு நான் எழுந்து இரும்புச்சத்து, சுண்ணாம்புச்சத்து, நார்ச்சத்து மூன்றுக்கும் தலா பதினைந்து நிமிடம் ஒதுக்கி நியாயம் செய்தேன். நன்றியுரை முடிய மணி ஏழு. மூடியைத் திறந்தால், ஐயோ, சம்பல் கறுத்துத் தண்ணி விட்டுக் கிடந்தது.

உடனே அவசரக் கூட்டம் கூடினோம். 'தரமற்ற கீரை' என்று ஏகமனதாக முடிவாயிற்று. றொபேட் இனி எங்கள் வாசலில் விற்கக் கூடாதென்று நமசிவாயம் முன்மொழிந்தார். நான் வழிமொழிந்தேன்.

மூன்றாம் நாள் மதியம் என் மனைவி மயூரி வல்லாரைச் சம்பல் போட்டாள். பச்சைப்பசேலென்று இருந்தது. இரண்டாந்தரமும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, எந்தக் கடைக் கீரை என்று விசாரித்தேன்.

"றொபேட்டின்ரதான். எதிர்ப்பக்கம் வெயிலுக்குள்ள நிண்டு விக்கிறார், பாவம். கீரையில ஒரு பிழையும் இல்லையப்பா. நீங்கள்தான் கதைச்சுக் கதைச்சுக் கறுக்க வச்சனீங்கள்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அன்றே நமசிவாயத்துடன் கதைத்து, சங்கத்தின் பிழையை ஒப்புக்கொண்டு றொபேட்டுக்கு வாசலைத் திருப்பிக் கொடுக்க ஒரு விசேட கூட்டம் வைப்பதென்று தீர்மானித்தோம். எனது உரை தயாரானதும் கூட்டம். நிழலின் அருமை, நடைபாதை வியாபாரத்தின் மாண்பு எல்லாம் அதில் வருகின்றன. எழுதத் தொடங்கி ஒரு மாதமாகிறது. பதினெட்டாம் பக்கத்தில் நிற்கிறேன்.

றொபேட் வெயிலில் நிற்கிறார்.