நோயாளிகள் பட்டியலில் விவியன்

பொழுது சாய்ந்து அரை மணி நேரம் இருக்கும். வீட்டுக்குள் ஒரு நாய் குரைத்தது. அவர்கள் வீட்டில் நாய் கிடையாது. மலேசியாவின் கிள்ளான் நகரில், அந்த அடுக்குமாடியின் நான்காவது மாடி வரைக்கும் எந்தத் தெருநாயும் படியேறி வந்ததில்லை. விவியன் பால் போத்தலோடு அப்படியே நின்றாள். இரண்டாம் முறை குரைத்தபோதுதான் தெரிந்தது, சத்தம் தொட்டிலுக்குள்ளிருந்து வருகிறது.

ஒன்பது மாதக் குழந்தை ஏமிதான் அப்படி இருமினாள். ஒவ்வொரு இருமலுக்கும் தொண்டைக்குழி உள்ளே இழுத்தது. கணவன் கொர்னேலியஸ் போர்ட் கிள்ளான் துறைமுகத்தில், கொள்கலன் லோரிகளை வரிசைப்படுத்தி அனுப்பும் வேலையில், இரவு ஷிப்டில் இருந்தான். எதிர்வீட்டு மாதவிதான் காரில் ஏற்றிக் கிளினிக்குக்குக் கொண்டுபோனாள். தொண்டைக்குள் வீக்கம், நல்ல நேரத்தில் வந்தீர்கள் என்று டாக்டர் மருந்து கொடுத்தார். இரண்டு நாளில் குழந்தைக்குச் சரியாகிவிட்டது.

தாய்க்குத்தான் சரியாகவில்லை. தூங்கும் குழந்தையின் மூக்கடியில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தே விடிய வைத்தாள். மூச்சு விரலில் படும். கையை எடுப்பாள். எடுத்த கையோடு பயம் வந்து உட்கார்ந்துகொள்ளும். மூன்று வாரம் இப்படியே போனது. ஒரு காலையில் கழுவிய அரிசியை அலமாரியில் வைத்துவிட்டு, டயப்பரை ரைஸ் குக்கருக்குள் வைத்து மூடியும் போட்டிருந்தாள்.

அந்த மாதம்தான் கோயிலில் ஃபாதர் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் ஓர் அறிவிப்புச் செய்தார். இரண்டு வயதுக்குக் கீழ் பிள்ளை உள்ள வீடுகளுக்குச் சனிக்கிழமைதோறும் அன்பியத்திலிருந்து, அதாவது அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களின் ஜெபக் குழுவிலிருந்து, இரண்டு பேர் வருவார்கள். ஒருவர் பிள்ளையைப் பார்த்துக்கொள்வார், தாய் தூங்கலாம். இன்னொருவர் தகப்பனோடு உட்காருவார். "ஞானஸ்நானத்தன்று வாங்க வாங்கன்னு வரவேற்கிறோம். அப்புறம் ஒருத்தரும் எட்டிப் பாக்கிறதில்ல. அது என்ன வரவேற்பு?" என்று கேட்டார்.

விவியன் படிவத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து நீட்டினாள்.

"கையெழுத்துப் போடுங்க."

"எதுக்கு? நம்ம பிள்ளைய வளக்க நமக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியலங்க."

"நான் இருக்கேன்ல."

"நீங்க போர்ட்டுல இருக்கீங்க."

"விவி, சர்ச் ஆளுங்க சும்மா வருவாங்களா? சிங்க்ல கிடக்குற தட்டு வரைக்கும் பாத்துட்டுப் போவாங்க. அடுத்த வாரம் கிள்ளான் பூரா தெரியும் லா, கொர்னேலியஸ் வீடு குப்பைன்னு."

"குப்பைதானே."

"அது நமக்குத் தெரிஞ்சா போதும்."

அவள் தானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டாள். அவனும் சும்மா இருக்கவில்லை. அன்பியத் தலைவி மகதலேனா ஆன்டிக்கு ரகசியமாகப் போன் போட்டான். விவியனுக்கு உடம்பு சரியில்லை, ஒட்டிக்கிற காய்ச்சல், யாரும் வரவேண்டாம். பன்னிரண்டு லோரியை நெரிசலில் சிக்காமல் அனுப்பிவைத்தவனைப் போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனை வைத்தான்.

அவனுக்குத் தெரியாத சங்கதி ஒன்று இருந்தது. கொர்னேலியஸ் பூசைக்கு வந்தால் மோட்டார் சைக்கிள் நிறுத்துமிடத்தைத் தாண்டி உள்ளே போனதில்லை. ஆகவே, நோய் என்று கேள்விப்பட்டால் அன்பியத் தலைவி அந்தப் பெயரை நோயாளிகள் பட்டியலில் சேர்ப்பாள் என்பதும், மன்றாட்டில் அதை எல்லார் முன்னாலும் வாசிப்பார்கள் என்பதும் அவனுக்கு எட்டவில்லை.

"நோயுற்றிருக்கும் சூசை, புஷ்பம், விவியன் ஆகியோருக்காக ஆண்டவரை மன்றாடுவோம்."

அடுத்த ஞாயிறு பூசையில், மூன்றாம் வரிசையில் பிள்ளையோடு நின்ற விவியன் தன் பெயரைக் கேட்டுத் திகைத்தாள். நாலு தலைகள் திரும்பின. பின்வரிசையிலிருந்த மகதலேனா ஆன்டி, பூசை முடிந்ததும் அவளை ஓரமாக அழைத்தாள்.

"ஒட்டிக்கிற காய்ச்சல்னு உன் வீட்டுக்காரரு சொன்னாரு. பிள்ளையத் தூக்கிட்டு ஏம்மா வந்த?"

யார் வேலை என்று விவியனுக்குப் புரிந்துவிட்டது. கான்வென்ட்டில் படித்தவள், பொய் வராது. உண்மையைச் சொன்னால் போதும் என்று தோன்றியது.

"காய்ச்சல் இல்ல ஆன்டி. பயம். மூணு வாரமா பிள்ளை மூக்குல விரல் வச்சுக்கிட்டே உக்காந்திருக்கேன்."

மகதலேனா குரலைத் தாழ்த்தினாள்.

"நானும் என் மூத்தவளுக்கு ஒரு வயசு வரைக்கும் வச்சேன். யாருகிட்டயும் சொல்லல. சொல்லியிருக்கலாம்." பிறகு கேட்டாள், "அவரு ஏன் காய்ச்சல்னாரு?"

"அவருக்கும் பயம்தான். காட்டிக்க மாட்டாரு."

"சரி. பேரு பட்டியல்லயே இருக்கட்டும்," என்றாள் மகதலேனா.

சனிக்கிழமை மூன்று மணிக்கு அவள் வந்து நின்றாள். கூடவே அவள் மருமகன் மார்வின், மூன்று பிள்ளைக்குத் தகப்பன்.

"நோயாளி எங்க தம்பி?"

கொர்னேலியஸ் மனைவியை அடுப்படிக்கு இழுத்தான்.

"நீ நல்லாத்தானே இருக்க. சொல்லிரு."

"அப்ப கோயில்ல வாசிச்சது பொய்யா? நீங்களே ஆன்டிகிட்ட சொல்லிருங்க. அப்படியே ஃபாதர்கிட்டயும்."

அவன் சிங்க்கை மறைத்து நிற்கப் பார்த்தான். அதற்குள் மார்வின் சட்டைக் கையை மடித்துக்கொண்டு சிங்க் பக்கம் வந்துவிட்டான்.

"ப்ரோ, சோப்பு எங்க?"

"ஐயோ, விடுங்க ப்ரோ."

"எங்க வீட்டு சிங்க் இதவிட மோசம் லா. மூணு பிள்ள. நீங்க தட்ட எடுங்க, பேசிக்கிட்டே கழுவலாம்."

தட்டுகள் தீர்ந்ததும் மகதலேனா ஏமியைத் தூக்கிக் கொர்னேலியஸ் கையில் கொடுத்தாள். பிறந்ததிலிருந்து அவன் பிள்ளையை வாங்கியபோதெல்லாம் திருப்பி வாங்கிக்கொள்ள விவியன் பக்கத்திலேயே நின்றிருந்தாள். இன்று அவள் படுக்கையறை வாசலில் நின்றாள்.

"இருமினா என்ன செய்யிறது?" என்று கேட்டான். அவன் குரல் நடுங்கியதை அவள் முதல் தடவையாகக் கேட்டாள்.

"நாங்க ரெண்டு பேரும் இருக்கோம். உன்னோட சேத்து மூணு பேரு," என்றாள் மகதலேனா. "நீ போய்ப் படும்மா."

"விவி, எத்தன மணிக்கு எழும்புவ?"

"சீக்காளிகிட்ட மணி கேக்காத தம்பி. இந்தக் காய்ச்சல் எறங்க ஆறு மாசமாவது ஆகும். சனிக்கிழமை தவறாம வருவோம்."

காய்ச்சலே இல்லை என்று சொல்லக் கொர்னேலியஸ் வாயைத் திறந்தான். சொல்ல முடியாது என்பது நினைவுக்கு வந்து மூடுவதற்குள், படுக்கையறைக்கு உள்ளிருந்து தாழ்ப்பாள் விழுந்தது.