குறை சொல்லி விற்ற முத்து

தூத்துக்குடி,
25 செப்டம்பர் 1948

கர்த்தருக்குள் மதிப்பிற்குரிய அத்தான், கனம் ஜேசுபாதம் ஐயர் அவர்கள் சமுகத்துக்கு எஸ்றா பணிவுடன் எழுதுவது:

இவ்விடம் நானும் தங்கள் தங்கை கிருபாபாயும், அவளது முழங்கால் நீங்கலாக, சுகமாயிருக்கிறோம். நாசரேத்தில் தாங்களும் அக்காவும் மருமகள் ஜெயசெல்வியும் அவ்வண்ணமே இருப்பீர்களென நம்புகிறேன். 'மருமகள்' என்ற சொல்லைத் தங்கள் கடிதம் வந்த பிறகும் நான் மாற்றவில்லை என்பதைக் கவனிக்கவும்.

தங்கள் கடிதத்தின் சாரம் இது: என் மகன் செல்வதுரை லண்டனில் காயல்பட்டணத்து முஸ்லிம் பையன் சதக்கத்துல்லாவோடு ஒரே அறையில் தங்கி, ஒரே அடுப்பில் சமைத்த உணவை உண்கிறான், இதனால் அவன் விசுவாசம் கெடும், ஆகவே கென்ட் மாகாணத்தில் இளைப்பாறியிருக்கும் மிஷனெரி அம்மையார் வீட்டில் அவனுக்கு இடம் பேசியிருக்கிறீர்கள், திங்கட்கிழமைக்குள் நான் சம்மதம் எழுதாவிட்டால் ஜெயசெல்விக்கு வேறு இடம் பார்ப்பீர்கள். சம்மதம் எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் ஒருவர் மீது தீர்ப்பு எழுதுமுன் அவரை விசாரிக்க வேண்டும் என்பது வங்கியிலும் விதி, வேதத்திலும் விதி. ஆகவே அந்தப் பையனின் தகப்பனாரும், பீச் ரோட்டில் பழைய முத்து வியாபாரம் செய்பவருமான நூஹு லெப்பை அவர்களை நேரில் கண்டு, 'உங்கள் மகனிடமிருந்து என் மகனைப் பிரிக்கப் போகிறேன்' என்று நாகரிகமாகச் சொல்லிவிட்டு வரலாமென்று சென்ற வெள்ளிக்கிழமை அரை நாள் விடுப்பெடுத்துப் போனேன். அங்கு நடந்ததை மறைக்காமல் எழுதுகிறேன்.

முதலில் லெப்பையைப் பற்றி. அவர் எங்கள் வங்கியின் பழைய வாடிக்கையாளர். வருடந்தோறும் அவர் கணக்கில் நாங்கள் வட்டி வரவு வைப்போம். வருடந்தோறும் அவர் வந்து, "ஐயா, அதை எடுத்துருங்க, அது எனக்கு ஹராம்" என்பார். வட்டி போதவில்லை என்று சண்டைக்கு வருவோருக்கு எங்கள் விதிப் புத்தகத்தில் ஓர் அத்தியாயமே உண்டு. வட்டி வேண்டாம் என்பவருக்கு ஒரு வரியும் இல்லை. மேலிடத்துக்கு எழுதினேன். 'வாடிக்கையாளரின் மனநிலையைப் பரிசோதிக்கவும்' என்று பதில் வந்தது. பரிசோதித்தேன். "பணத்தைப் போட்டுட்டுக் காலை நீட்டிப் படுத்துக்கிடந்தா அது குட்டி போடும்னா, அப்ப ஒழைச்சவன் யாரு ஐயா? என்கூடத் தொழில்ல சேரட்டும். லாவம்னா ரெண்டு பேருக்கும் லாவம், நட்டம்னா ரெண்டு பேருக்கும் நட்டம். அதுதான் நாயம்" என்றார். மனநிலை எங்கள் கிளை ஏஜெண்டைவிடத் தெளிவாக இருப்பதாக அறிக்கை அனுப்பினேன். அதற்குப் பதில் இன்னும் வரவில்லை.

நான் கடையில் நுழைந்தபோது ஜும்ஆத் தொழுகைக்கு நேரமாகிவிட்டது. கணக்குப்பிள்ளையும் பள்ளிக்குப் புறப்பட்டுவிட்டார். லெப்பை என்னைக் கண்டதும், "நல்ல நேரத்துல வந்தீங்க! செத்த இருங்க ஐயா, தொழுதுட்டு ஓடியாந்துருதேன். ஏரல் வன்னியபெருமாள் அண்ணாச்சி மகள் கல்யாணத்துக்கு ஒரு சோடி முத்து பார்த்து வெலை பேசிட்டுப் போயிருக்காரு. நான் வாரதுக்குள்ள வந்தா உக்காரச் சொல்லுங்க" என்று சாவிக்கொத்தை என் கையில் வைத்துவிட்டுப் போனார். அவர் மகனைக் குற்றஞ்சாட்ட வந்த என் கையில்! நானும் அவர் மெத்தையில், பாதத்தைத் துடைத்துக்கொண்டு, உட்கார்ந்தேன்.

வன்னியபெருமாள் அண்ணாச்சி உடனே வந்துவிட்டார். உட்காரச் சொன்னேன். "உக்காரவா? கரி பஸ்ஸு பொகையைக் கக்கிட்டு நிக்கி! அதை விட்டா சாயங்காலந்தான். பணம் இந்தா இருக்கு, முத்தைக் குடுங்க முதலாளி" என்றார். நான் முதலாளி அல்லவென்று சொன்னேன். "சரி, மொதலாளிக்கு அண்ணன்னே வச்சிக்கிடுவோம், குடுங்க" என்றார். விலை முன்பே பேசியது, பணம் சரியாயிருந்தது, பொருள் பொட்டலமாக மேசையில் இருந்தது, என் நண்பருக்கு வியாபாரம் கெடக்கூடாது. ஆகவே முத்தைக் கொடுத்து, முறைப்படி ரசீதும் எழுதினேன். வங்கியில் அடகு நகைக்கு எழுதும் வாசகம் கைப்பழக்கத்தில் வந்துவிட்டது: 'மேற்படி முத்துக்கள் இரண்டும் யாதொரு குறையும் அற்றவை.' கையெழுத்தும் போட்டேன். திருத்தமான ரசீது என்பதை இப்போதும் சொல்வேன்.

லெப்பை திரும்பி வந்து ரசீதின் நகலைப் படித்தார். தொப்பியைக் கழற்றினார். திரும்பவும் போட்டுக்கொண்டார்.

"ஐயா, இடப்பக்கத்து முத்துல பின்னால ஒரு ரேகை ஓடுதே. பணம் வாங்கயில அதைச் சொல்லிக் கொறைச்சு வாங்கணும்னு இருந்தேன்."

"பின்பக்கந்தானே? நகையில் பதித்தால் தெரியாதே" என்றேன். வேதம் படித்த, வங்கியில் முப்பது வருடம் ஊறிய நான்தான் அப்படிச் சொன்னேன், அத்தான்.

"தெரியாதுங்கறதுக்காகத்தான் சொல்லணும். தெரியறதை நாம எதுக்குச் சொல்ல?" என்று சொல்லிக்கொண்டே அவர் தெருவில் இறங்கி ஒரு குதிரை வண்டியை நிறுத்திவிட்டார். ரசீதில் கையெழுத்து என்னுடையது. ஆகவே நானும் ஏறினேன். அந்தக் குதிரை ரயில்வே கேட் வரை ஓடியது. அதன்பின் தன் விருப்பப்படி நடந்தது. வழியில் ஓர் உப்பு வண்டிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டோம். என் குடை காற்றில் பிய்ந்து ஓர் உப்பளத்துக்குள் போயிற்று. அதைத் தேடி இறங்கினால் பஸ் போய்விடும் என்று லெப்பை கையைப் பிடித்துக்கொண்டார். குடை கிருபாபாயினுடையது. ஏரல் வழியிலுள்ள புதுக்கோட்டையில் மட்டும் பஸ் கரி அள்ளிப் போட நிற்கும் என்பதுதான் எங்கள் ஒரே நம்பிக்கை. கர்த்தர் பெரியவர், கிளீனர் அங்கே வேர்க்க விறுவிறுக்கத் துருத்தியைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

எங்களைப் பார்த்ததும் வன்னியபெருமாள் அண்ணாச்சி மடியை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார்.

"வித்தது வித்ததுதான்! பின்னாலயே வெரட்டிட்டு வந்து வெலை ஏறிட்டுங்கேரா? ரசீது இருக்கு வே, ரசீது!"

"ஏறலை அண்ணாச்சி, எறங்கிட்டு" என்றார் லெப்பை. "அந்த முத்துல ஒரு கொறை இருக்கு. பார்த்துட்டு, வேணும்னா வச்சிக்கிடுங்க, கொறைச்ச பணம் இந்தா. வேண்டாம்னா முத்தைக் குடுங்க, முழுப்பணமும் இந்தா."

பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் இறங்கி முத்தைப் பார்த்தார்கள். ரேகை ஒருவர் கண்ணுக்கும் படவில்லை. கருவாட்டுக் கூடைக்காரி ஒருத்தி, "எனக்குத் தெரியி, எனக்குத் தெரியி" என்றாள். அவள் பார்த்தது வலப்பக்கத்து முத்து. லெப்பை தம் கண்ணாடியைக் கழற்றி அண்ணாச்சிக்கு மாட்டி, வெயிலில் திருப்பித் திருப்பிக் காட்டிய பிறகே அண்ணாச்சி, "ஆமா, மயிரு மாதிரி ஓடுது" என்றார். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்து, "கொறையே இல்லைன்னு எழுதிக் குடுத்த இந்த ஆளு யாரு?" என்று கேட்டார். "பேங்குல ஹெட் கிளார்க்கு" என்றார் லெப்பை. "அதான" என்றார் அண்ணாச்சி. பஸ்ஸே சிரித்தது. நான் ரசீதை வாங்கி, அந்த வாசகத்தை அடித்து, 'இடப்பக்கத்து முத்தின் பின்புறம் ஒரு ரேகை உண்டு' என்று திருத்தி, திருத்தத்துக்கும் ஒரு கையெழுத்திட்டேன். அவர் முத்தை வைத்துக்கொண்டார். பஸ் புறப்படும்போது, "மகளுக்கு அடுத்தவளுக்கும் ஓங்கிட்டதான் வே எடுப்பேன்" என்று சன்னல் வழியாகக் கத்தினார்.

திரும்பும் வழியில்தான் வந்த காரியத்தைச் சொன்னேன். லெப்பை கோபப்படவில்லை. "எங்க வூட்டுலயும் இதே பேச்சுதான் ஐயா. பன்னி திங்கற பையனோட நம்ம புள்ளை எப்படி இருப்பான்னு சதக்கோட உம்மா ஒரு வாரம் அழுதா. நான்தான், இருக்கட்டும், அந்த ஊர்ல ஆண்டவன்னு ஒருத்தன் இருக்கான்னு நெனைக்கிற ஒரு புள்ளையாவது கூட இருக்கட்டும்னு சொன்னேன்" என்றார். அவர் மகன் சதக்கத்துல்லா எழுதியதாக இன்னொன்றும் சொன்னார்: "அந்த ஊர்ல கடவுளைக் கேப்பாரில்லையாம். கோயிலுக்குப் போனாலும் சரி, போகாட்டாலும் சரி, சர்க்காரு ஒண்ணும் கேக்காதாம். ஆனா ரேஷன் வரிசையில துரையா இருந்தாலும் வந்த எடத்துலதான் நிக்கணுமாம். நாங்க தொழுகையில நிக்கிற வரிசை மாதிரியே இருக்கு வாப்பான்னு எழுதியிருக்கான்." இதை ஒரு பிரசங்கத்தில் தாங்கள் உபயோகிக்கலாம், என் பெயர் வேண்டாம்.

இனி என் மகன் சொல்வதைக் கேளுங்கள். கிறிஸ்தவ தேசம் என்று நாம் அனுப்பிவைத்த ஊரில், அவன் தெரு ஆலயத்தில் நான்கைந்து கிழவிகளும் ஒரு பூனையுமே ஆராதனைக்கு வருகிறார்களாம். அவன் தங்கியிருக்கும் வீட்டிலோ, விடியுமுன் எழுந்து ஜெபிக்கிறவன் சதக்கத்துல்லா ஒருவன்தான். அவன் எழுந்த கையோடு செல்வதுரையையும் உலுக்கி, "ஏலே, நான் என் கடமையை முடிச்சாச்சு, நீ ஒன் வேதத்தை எடு" என்பானாம். ஞாயிற்றுக்கிழமை மழையென்று படுத்திருந்தால் போர்வையை உருவி ஆலயத்துக்குத் துரத்துவானாம். அவனுக்கு ரேஷனில் வரும் பன்றி இறைச்சிப் பங்கீட்டைப் பக்கத்து வீட்டில் கொடுத்து முட்டை வாங்கலாமென்று வீட்டுக்கார அம்மாள் சொன்னபோது, 'நான் தின்னக்கூடாததை விற்றுத் தின்னவும் கூடாது' என்று மறுத்துவிட்டானாம். முட்டைக்கு ஏங்கும் தேசத்தில், அத்தான்! முத்தின் ரேகைக்காக ஏரல் பஸ்ஸை விரட்டியவரின் பிள்ளை வேறெப்படி இருப்பான்?

ஆகவே நான் எல்லாவற்றையும் நிதானித்து எழுதுகிறேன். செல்வதுரையின் விசுவாசத்துக்கு அந்த அறையைவிடப் பத்திரமான இடம் கென்டில் இல்லை. அவன் ஒருநாளும் பள்ளிவாசலுக்குள் கால்வைத்ததில்லை. முஸ்லிம்களின் நோன்பு எதையும் பிடித்ததில்லை. சதக்கத்துல்லாவும் நம் ஆலயத்துக்குள் வந்ததில்லை. அவரவர் பாதை அவரவருக்கு. இதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை: பையன்கள் கப்பலேறியபோது லெப்பை தமக்கு ஆங்கிலம் வராதென்று கேட்டுக்கொண்டதால், இரு வீட்டாரின் ஒழுங்குகளையும் (எழும் நேரம், ஜெபம், உணவு, உபவாசம், வழிபாட்டு நாட்கள்) காகிதப் பஞ்சம் கருதி ஒரே தாளில் வரிசையாக எண்ணிட்டு, வங்கித் தட்டச்சில் அடித்து, அந்த வீட்டுக்கார அம்மாளுக்கு நானே அனுப்பியிருக்கிறேன். விதிகள் தெளிவாக எழுதப்பட்டிருந்தால் குழப்பத்துக்கு வழியே இல்லை. இதைத் தாங்கள் ஏற்று, கென்டுக்கு எழுதியதை ரத்து செய்து, ஜெயசெல்விக்கு வேறு இடம் பார்ப்பதை நிறுத்துமாறு வேண்டுகிறேன்.

அக்காவுக்கு எங்கள் ஸ்தோத்திரம். ஜெயசெல்விக்கு எங்கள் ஆசீர்வாதம். சபையாருக்கு வந்தனம். கிருபாபாய் தன் முழங்காலுக்காக ஜெபிக்கச் சொல்கிறாள். குடை விஷயம் அவளுக்குத் தெரியும்.

தங்கள் அன்புள்ள,
எஸ்றா

பின்குறிப்பு: இதை ஒட்டித் தபால்தலையும் வைத்த பிறகு, லண்டன் கப்பலில் சமையல்காரராயிருக்கும் நம் ஊர்க்காரர் சிலுவை என்பவர், செல்வதுரை கொடுத்தனுப்பிய கம்பளியோடு வந்தார். பையன்களை நேரில் பார்த்தவர். 'சதக்கத்துல்லா என் மகனைக் காலையில் நன்றாக எழுப்புகிறானா?' என்று கேட்டேன். அவர் சிரித்த சிரிப்பில் கிருபாபாய் அடுக்களையிலிருந்து வந்துவிட்டாள்.

"அவனா? ரெண்டு பயலும் எருமையாட்டம் ஒறங்குதானுவ ஐயா! அந்த வீட்டுக்காரம்மாதான் வெளக்கமாத்துக் கட்டையால கதவை இடிச்சு எழுப்புது. அடுப்படியில நீங்க அனுப்புன தாளை ஆணியடிச்சு வச்சிருக்கு. அதும்படி வெள்ளிக்கிழம ரெண்டு பேரையும் பள்ளிவாசலுக்கு அனுப்புது, ஞாயித்துக்கிழம ரெண்டு பேரையும் கோயிலுக்கு அனுப்புது. எது எவனுக்குன்னு கேட்டேன். தாள்ல 'பையன்களுக்கு'ன்னுதான போட்டிருக்குங்குது. நம்ம தம்பி ரம்ஜான் நோன்பு முழுசும் புடிச்சாரு. லெப்பை மகன் லெந்து உபவாச நாள் முழுசும் கறி தொடலை. இப்ப ஞானப்பாட்டெல்லாம் பாடுதான், நல்ல சாரீரம். 'ஒங்களுக்குச் சாமி நம்பிக்கை உண்டாம்மா'ன்னேன். 'எனக்கு அதுக்கெல்லாம் நேரமில்ல, ஆனா என் வீட்டுல ஒழுங்குன்னா ஒழுங்கு'ங்குது."

என் விதிகளில் பிழை இல்லை. தலைப்பில் மட்டும் எது யாருக்கென்ற குறிப்பு விடுபட்டிருக்கிறது. இவ்வளவு கண்டிப்பான ஓர் அம்மாள் எங்கள் வங்கிக்குக் கிடைக்கவில்லையே என்பதே என் வருத்தம். ஆயினும் மேலே நான் கொடுத்த உறுதிகள் அனைத்தும் அடிக்கப்பட்டன எனக் கொள்க. ஒட்டிய உறையைக் கிழிக்காமலே தபாலில் சேர்த்திருக்கலாம். நாசரேத்தில் யாருக்கும் தெரிந்திராது. ஆனால் தெரியாதென்பதற்காகவே சொல்ல வேண்டியிருக்கிறது. முத்தில் இந்த ரேகை உண்டு. வெயிலில் திருப்பிப் பார்த்து, வைத்துக்கொள்வதா திருப்பித் தருவதா என்பதைத் தாங்களே தீர்மானிக்கவும். வைத்துக்கொள்வதானால், பேசிய சீதன ரொக்கத்தில் தகுந்தபடி குறைத்துக்கொள்ள எனக்குச் சம்மதம். கிருபாபாயிடம் இந்தத் தள்ளுபடியை இன்னும் சொல்லவில்லை.